சிரித்த மாப்பிள்ளை

கல்யாணத்துக்குப் படம் எடுக்க யாரைப் பிடிப்பது என்று எங்கள் வீட்டில் ஒரு வாரமாக நடந்த விவாதத்தில் நான் சொன்ன மொத்தக் கருத்து, "யாரா இருந்தா என்ன" என்பதுதான். அக்காவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"மண்டபம் பாக்கப் போனா எதுவா இருந்தா என்னங்கறே. துணி எடுக்கப் போனா எதுவா இருந்தா என்னங்கறே. பொண்ணு பாக்கப் போனப்பவும் இதையேதானடா சொன்னே? நல்ல வேளை, அது அந்தப் பொண்ணு காதுல விழல."

விழுந்திருந்தால் கல்யாணம் நின்றிருக்கும். நின்றிருந்தாலும் எனக்கு ஒன்றும் ஆகியிருக்காது. திமிராகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன்.

நான் செயற்கைப் பல் செய்கிறவன். பல் ஆஸ்பத்திரிக்குப் பின்பக்கம், ஜன்னலை ஒட்டி ஒரு மேஜை, மெழுகு, மாவுக்கட்டு அச்சுகள், தேய்க்கிற மெஷின். முன்பக்கம் டாக்டர் மரத்துப்போகிற ஊசி போட்டதும் சிலர் தங்கள் உதட்டையே தொட்டுத் தொட்டுப் பார்ப்பார்கள். அடுத்தவன் உதட்டைத் தொடுகிற மாதிரி இருக்கும். எனக்கு மூன்று வருஷமாக ஆள் முழுக்க அப்படித்தான். என் மனைவி நோயில் படுத்து, எழுந்திருக்காமலே போய்விட்டாள். அதிலிருந்து இப்படி. பார்க்கிறவர்கள் சோகம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். சோகம் என்றால்கூடப் பரவாயில்லை, சோகப்படுவதற்கு உள்ளே ஒரு ஆள் இருக்கிறான் என்று அர்த்தம். நான் வேளைக்குச் சாப்பிட்டேன், வேளைக்குத் தூங்கினேன், பல் செய்தேன். "நல்லா தேறிட்டான்" என்று சொந்தக்காரர்கள் அக்காவைப் பாராட்டினார்கள்.

அக்காவும் தன்னால் ஆனதைச் செய்திருந்தாள். காரியங்கள் முடிந்த கையோடு வீட்டிலிருந்த என் மனைவியின் படங்களையெல்லாம், கல்யாண ஆல்பம் உட்பட, ஒரு பையில் போட்டு அவள் அம்மா வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள். "கண்ணுல பட்டுக்கிட்டே இருந்தா எப்படிடா மறப்பே?" என்றாள். சரி என்றேன். எதற்கும் சரி என்று சொல்வது அப்போதே பழகிவிட்டது.

இப்போது பார்த்திருக்கும் பெண் மருந்துக்கடையில் வேலை செய்கிறாள். டாக்டர்களின் கோழிக் கிறுக்கலைப் படித்துப் படித்து, எதையும் இரண்டு தடவை உற்றுப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது அவளுக்கு. முதல் சந்திப்பில் என்னையும் அப்படித்தான் பார்த்தாள். "எனக்கு இது முதல் கல்யாணம், உங்களுக்கு ரெண்டாவது. நான் கேக்கறதெல்லாம் உங்களுக்குப் பழைய கேள்வியா இருக்கும். புதுசா கேக்கற மாதிரி கேட்டுக்கோங்க" என்றாள். நல்ல பெண் என்று மூளைக்குத் தெரிந்தது. மூளையோடு அது நின்றுவிட்டது.

மண்டபம், துணி, சாப்பாடு எல்லாவற்றையும் எங்களிடமே விட்டுவிட்டாள். ஃபோட்டோகிராஃபரை மட்டும் தான்தான் பார்த்துச் சொல்வேன் என்றாள். "மத்ததெல்லாம் ஒரே நாள்ல முடிஞ்சிடும் அக்கா. படம் மட்டும்தான் கூடவே வீட்டுக்கு வரும். காலம் பூரா பாத்துக்கிட்டு இருக்கப்போறது நான்தானே" என்றாள். அக்கா போனில் தேடி, நாலு பேர் நல்ல விதமாகச் சொன்ன கடைகளாகக் குறித்துவைத்தாள். ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் கிளம்பினோம்.

முதல் கடையில் பால் கெடாமல் வைக்கிற குளிர். சுவரளவு டிவியில் ஒரு ஜோடி தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டு ஓடி வந்தது. கடைக்காரப் பையனுக்கு மீசை நேற்றுத்தான் முளைத்திருக்கும். "நீங்களும் இதே மாதிரி ஓடி வரலாம் மேடம்" என்றான்.

"எதுக்கு?" என்றாள்.

"ஒரு ஃபீலுக்கு மேடம்."

"எங்களுக்கு முப்பத்தஞ்சு தாண்டிடுச்சுப்பா. ஓடினா மூச்சுதான் வாங்கும். ஃபீல் எங்க வரும்?"

அக்கா சிரித்தாள். பையனும் சிரித்துவிட்டு, மாதிரிக்கு ஒரு படம் எடுத்துக் காட்டுகிறேன் என்று எங்களை வெள்ளைத் திரைக்கு முன்னால் நிறுத்தினான். "சார், கொஞ்சம் நேச்சுரலா சிரிங்க."

எந்தச் சிரிப்பில் எந்தப் பல் எவ்வளவு தெரிய வேண்டும் என்பதுதான் என் தொழில். மேல்வரிசை முன்பற்கள் கீழுதட்டின் வளைவோடு சேர்ந்து போகிற மாதிரி, அளவெடுத்துச் சிரித்தேன். பையன் படத்தைப் பார்த்துவிட்டுக் கழுத்தைச் சொறிந்தான். அவளும் எட்டிப் பார்த்தாள்.

"பற்பசை விளம்பரம் மாதிரி இருக்கு" என்றாள். கிண்டலாகச் சொல்லவில்லை.

வெளியே அக்கா ஆட்டோ பிடிக்க முன்னால் போனதும் அவள் என் பக்கம் திரும்பினாள். "உங்களுக்கு இதுல இஷ்டம்தானே?"

"ம்."

"எல்லாத்துக்கும் இந்த 'ம்'தான் வருது. நான் உங்களை அழுத்தல. ஆனா இன்னிக்கு வீட்டுக்குப் போறதுக்குள்ள எனக்கு ஒரு பதில் வேணும். பத்திரிகை இன்னும் அச்சுக்குப் போகல. இப்போ நிறுத்தினா யாருக்கும் தலைகுனிவு இல்லை."

நியாயமான பேச்சு. சரி என்றேன். ஆட்டோ வந்துவிட்டது.

இரண்டாவது கடை, மெத்தை விற்கிற கடைக்கு மேல் மாடியில் இருந்தது. குறுகலான படி, பாதியில் ஒரு திருப்பம். மேலே ஐம்பது வயதுக்காரர் ஒருவர் எங்களை உட்காரவைத்து, மூச்சு விடாமல் தன் பெருமையைச் சொன்னார். இதற்கு முன்னால் வேறு இடத்தில் வேறு பெயரில் கடை வைத்திருந்தாராம். கூட்டாளி ஏமாற்றினதால் இங்கே வந்தாராம். ஆனால் கைத்திறமையை எவனும் ஏமாற்ற முடியாதாம். குட்டை மேஜையில் நாலைந்து மாதிரி ஆல்பங்கள் கிடந்தன. அக்கா ஒன்றை எடுத்தாள், அவள் ஒன்றை எடுத்தாள். நான் சுவரில் மாட்டியிருந்த மணமக்களின் பல்வரிசைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இங்க பாருங்களேன்" என்றாள்.

ஆல்பத்தை என் பக்கம் திருப்பி வைத்தாள். பக்கம் முழுக்க ஒரே படம். மணப்பெண் வாயைக் கையால் பொத்திக்கொண்டிருந்தாள், சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர். பக்கத்தில் மாப்பிள்ளை தலையைப் பின்னால் சாய்த்து, வாயை அகலத் திறந்து சிரித்துக்கொண்டிருந்தான். பழக்க தோஷம், நான் முதலில் பல்லைத்தான் பார்த்தேன். மேல் கடைவாயில், வலது பக்கம், ஒரு வெள்ளி அடைப்பு. என் நாக்கு தானாக அந்த இடத்துக்குப் போயிற்று. அடைப்பு அங்கேதான் இருந்தது.

அதற்குப் பிறகுதான் முகத்தைப் பார்த்தேன். இன்றைக்கு எனக்குத் தாடி இருக்கிறது, கண்ணாடி இருக்கிறது, அந்தக் கன்னங்கள் இல்லை. இந்தப் பெண்ணுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. அந்தக் கடைக்காரருக்கும் தெரியவில்லை. அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. முகத்தில் ஈயாடவில்லை.

"அது பழைய மாடல்மா, வேற பாக்கலாம்" என்று அக்கா ஆல்பத்தை மூட வந்தாள். இந்தப் பெண் பக்கத்தின் மேல் விரலை வைத்திருந்தாள், மூட முடியவில்லை.

"இல்லக்கா, இந்த மாப்பிள்ளையைப் பாருங்க. சுத்தி இத்தனை பேர் நிக்கறாங்க, ஒருத்தரும் இல்லாத மாதிரி சிரிக்கறார். இவர் யாரோ, அந்தப் பொண்ணு கொடுத்து வெச்சவ."

கடைக்காரர் எழுந்தே நின்றுவிட்டார். "அது நம்ம டைமிங் மேடம். மாப்பிள்ளை காலையிலேர்ந்து உம்முனு இருந்தாரு. நான் ஒரு ஜோக்கை எடுத்து விட்டேன் பாருங்க, ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. டக்குனு அமுக்கிட்டேன்."

எனக்கு எரிச்சல் வந்தது. இந்த ஆள் அன்றைக்கு வாயே திறக்கவில்லை.

"இவரையும் அப்படிச் சிரிக்க வெச்சிடுவீங்களா?" என்று என்னைக் காட்டிக் கேட்டாள். ஒரு சின்னப் பிள்ளை கேட்கிற மாதிரி, நிஜமாகவே கேட்டாள்.

"சார் என்ன சார்! கல்லுப் பிள்ளையாரையே சிரிக்க வெச்சிடுவேன்."

"அப்போ இவர்தான் அக்கா. வேற யாரையும் பாக்க வேணாம்."

"சரிம்மா, முடிச்சிடலாம், இவரையே முடிச்சிடலாம்" என்று அக்கா அவசர அவசரமாகத் தலையாட்டினாள். பேசாமல் இரு என்று கண்ணாலேயே எனக்குச் சொன்னாள்.

பேசாமல் இருந்திருக்கலாம். எல்லாருக்கும் சுலபம். கல்யாணத்தன்று இந்த ஆள் தன் ஜோக்கைச் சொல்வார், நான் அளவெடுத்துப் பல்லைக் காட்டுவேன், அவள் அந்தப் படத்தை இரண்டு தடவை உற்றுப் பார்ப்பாள். ஊர்பேர் தெரியாத ஒருவனைச் சிரிக்கவைத்த ஆளால் தன் பக்கத்தில் நின்றவனைச் சிரிக்கவைக்க முடியவில்லையே என்று நினைப்பாள். குறை தன்னிடம்தான் என்று முடிவு கட்டிவிடுவாள். காலம் பூரா பார்த்துக்கொண்டிருக்கப் போகிறவள் அவள்தான்.

"அது நான்தான்" என்றேன்.

அவள் படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள். விரலைப் பக்கத்திலிருந்து மெதுவாக எடுத்தாள். "அப்போ இவங்க…"

"ஆமா."

கடைக்காரர் கையைத் தட்டினார். "அடடே, சாரா! ஆளே மாறிட்டீங்களே சார்! மேடம் எப்படி இருக்காங்க?"

அவர் எங்கள் மூன்று பேர் முகத்தையும் வரிசையாகப் பார்த்தார். பிறகு, தண்ணீர் கொண்டு வருகிறேன் என்று உள்ளே போனவர் திரும்பவே இல்லை.

"என்ன ஜோக் அது?" என்று அவள் கேட்டாள்.

"ஜோக்கெல்லாம் இல்லை. பல்லு கழண்டுடுச்சு."

"என்னது?"

சொன்னேன். கல்யாணத்துக்குக் கொஞ்ச நாள் முன்னால் என் மனைவிக்கு முன்பல் ஒன்று உடைந்துவிட்டது. வேறு யாரும் தொடக் கூடாது என்று நானே அதன் மேல் உறை மாதிரி மாட்டுகிற ஒரு கேப் செய்தேன். டியூப்லைட் வெளிச்சத்தில் நிறம் சரியாக இருந்தது, வெயிலில் சந்தேகமாக இருந்தது. வெயிலில் இன்னொரு தடவை பார்த்து மாற்றலாம் என்று, சுலபமாகக் கழற்ற வருகிற பசையாகப் போட்டு ஒட்டும்படி டாக்டரிடம் சொன்னேன். கல்யாணக் களேபரத்தில் அதை மறந்தே போனேன். மேடையில் யாரோ அத்தை முறைக்காரர் பாசம் பொங்கி அவள் வாயில் ஒரு மிட்டாயைத் திணித்தார். மிட்டாயோடு பல்லும் வந்துவிட்டது. அவள் அதைக் கைக்குள் மூடிக்கொண்டு, உதட்டைப் பிரிக்காமல் என் காதோரம் வந்து, "இதுக்கு வாரண்டி எத்தனை நாள்?" என்றாள்.

"அதுக்குத்தான் சிரிச்சேன்" என்றேன். "அதுக்கப்புறம் எடுத்த எல்லாப் படத்துலயும் வாயைப் பொத்திக்கிட்டுத்தான் இருப்பா."

அவள் அடுத்தடுத்த பக்கங்களைப் புரட்டிப் பார்த்தாள். எல்லாப் படத்திலும் மணப்பெண் பொத்திக்கொண்டுதான் இருந்தாள். குபுக்கென்று புரட்டியவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, உடனே தப்பு செய்துவிட்ட மாதிரி நிறுத்திக்கொண்டாள். இந்தக் கதை அக்காவுக்கும் தெரியாது. அவள் பாட்டுக்கு அழுதுகொண்டிருந்தாள். நான் இதை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் என்னவாவது ஆகும் என்று நினைத்திருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. வேறு யாருக்கோ நடந்ததைச் சொன்ன மாதிரிதான் இருந்தது.

இந்தப் பெண் ஆல்பத்தை மூடி மேஜையில் நேராக வைத்தாள். கைப்பையை எடுத்துக்கொண்டாள். எழுந்து வெளியே போனாள். செருப்பு மாட்டுகிற சத்தம் கேட்டது, பிறகு படியில் காலடிச் சத்தம்.

"போடா, போய்க் கூப்பிடு!" என்று அக்கா கத்தினாள். அவள் கத்துவதற்கு முன்பே நான் எழுந்துவிட்டேன்.

படித் திருப்பத்தில் அவள் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள். கீழே மெத்தைக்கடையில் யாரோ புது மெத்தையின் பாலிதீன் உறையைக் கிழித்துக்கொண்டிருந்தார்கள்.

"இப்படிச் சிரிக்கத் தெரிஞ்சவரா நீங்க?" என்றாள்.

"அப்போ தெரிஞ்சுது."

"என்னால அந்த மாதிரி சிரிக்க வைக்க முடியாமலே போயிட்டா?"

"தெரியல."

"நான் அவங்களோட போட்டிக்கு நிக்கல. அது எனக்கு வேணாம். ஆனா பக்கத்துல நிக்கறவருக்கு நான் யாரோன்னு இருந்தா, அதை என்னால பாத்துக்கிட்டு இருக்க முடியாது." சுவரிலிருந்து திரும்பி என்னைப் பார்த்தாள். "இப்போ உங்களுக்கு என்ன தோணுது? எனக்காகப் பாக்காதீங்க. ஒண்ணும் தோணலைன்னா, தோணலைன்னே சொல்லிடுங்க. நான் இப்படியே கீழ இறங்கிப் போயிடறேன்."

தோணவில்லை என்று சொல்லத்தான் போனேன். மூன்று வருஷமாக அதுதான் உண்மை. ஆனால் படியின் கைப்பிடியை நான் பிடித்திருந்த பிடியில் விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. தடுமாறி விழாமல் இருக்கப் பிடித்த பிடி இல்லை இது. இது என்ன என்று கண்டுபிடிக்கவே எனக்குச் சற்று நேரம் பிடித்தது.

"பயமா இருக்கு" என்றேன்.

"எதுக்கு?"

"நீங்க இறங்கிப் போயிடுவீங்களோன்னு."

சொன்ன பிறகு பயம் இன்னும் அதிகமாயிற்று. அவள் என் முகத்தை இரண்டு தடவை உற்றுப் பார்த்தாள். நான் முகத்தைச் சரி செய்துகொள்ளவில்லை. எப்படிச் சரி செய்வது என்றும் தெரியவில்லை.

"இந்த ஆள் வேணாம்" என்றாள் கடைசியில். "வாயைத் திறந்தா புளுகு." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "பயந்துபோன மாப்பிள்ளையை அப்படியே எடுக்கத் தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களான்னு உங்க அக்காகிட்ட கேளுங்க."

நான் மேலே பார்த்து அக்காவைக் கூப்பிட்டேன். கைப்பிடியை இன்னும் விடவில்லை.