பத்து மணித் தண்ணீர்

குடல் இன்னும் சூடாக இருந்தது. அலுமினியச் சட்டியைப் பெர்மெத்தின் கையில் திணித்துவிட்டு மாமியார் ஓடையைக் காட்டினாள். நாத்தனார் குழந்தைக்குத் தொட்டில் விருந்து. ஆடு அறுத்தால் குடல் கழுவுவது மருமகள் வேலை, கழுவும் இடம் ஓடை. இசிக்குல் ஏரிக்கரையில் இதை யாரும் இரண்டாவது தடவை சொல்வதில்லை.

ஆனால் அந்த ஓடை இருநூறு அடி தள்ளி, ஊர் ஜனம் குளிக்கும் கரையில்தான் போய் விழுகிறது. தண்ணீரில் கிருமி என்று பன்னிரண்டு நாளாகக் கரையை மூடி வைத்திருக்கிறார்கள். கரையைப் பெருக்கிக் குதிரைச் சாணி அள்ளுவது பெர்மெத்தின் வேலை. ‘இங்கே கழுவாதீர்’ என்று ஓடையோரம் பலகை நட்டதும் அவள்தான். பத்து மணிக்குப் பரிசோதனைக்கார லாரிசா பாட்டிலில் தண்ணீர் பிடிக்க வருவாள். இந்தத் தடவையும் தேறாவிட்டால் கோடை முழுக்கப் பூட்டு. புருஷன் இடுப்பொடிந்து கிடக்க, அந்த வீட்டுக்கு வரும் ஒரே சம்பளமும் நின்றுபோகும்.

“அத்தே, சாணிக்குழியாண்ட வச்சுக் கழுவுறேன். தண்ணி மொண்டுக்கிறேன்.”

“எத்தன வாளி மொள்ளுவ? விருந்தாளிங்க வந்து உக்காந்தாச்சு. ஓடுற தண்ணியில என்னடி கிருமி? எங்கம்மா கழுவுனா, நான் கழுவுனேன். எவன் செத்தான்?”

நாத்தனார் சிரித்தாள். “பலக நட்டதுலேருந்து அண்ணி ஆபீசராயிட்டாங்கம்மா. டை ஒண்ணுதான் பாக்கி.”

பெர்மெத் சட்டியோடு கொட்டகைக்குப் பின்னாலிருந்த சாணிக்குழிக்குப் போனாள். வாளி வாளியாகச் சுமந்தாள். குடலைப் புரட்டிப் பிதுக்கி உப்புப் போட்டுத் தேய்த்தாள். ஏழாவது வாளியில் தோள் இற்றுப்போயிற்று. “எங்கடி போய்த் தொலஞ்ச?” என்று முற்றத்திலிருந்து குரல் வந்தது. பிறகு அந்தக் குரலும் நின்றது.

பத்தாவது வாளிக்கு ஓடையில் குனிந்தபோது, கீழே கரையில் லாரிசா தெரிந்தாள். ரப்பர் பூட்சோடு, கையில் பாட்டிலோடு, தண்ணீரை நோக்கி நடந்துகொண்டிருந்தாள்.

ஓடையில் மேலே சளப்பென்று சத்தம். பாவாடையை இடுப்பில் செருகிக்கொண்டு மாமியார் கணுக்கால் தண்ணீரில் நின்றாள். கையில் ஆட்டின் இரைப்பை, பாதி கிழித்தபடி.

“அத்தே! வேணாம் அத்தே!”

அவள் திரும்பவில்லை. இரைப்பையைக் கவிழ்த்தாள்.

“துர்தகான்!”

பதினோரு வருஷமாகப் பெர்மெத்தின் வாயில் வராத பெயர். மாமியார் பெயரை உச்சரித்த மருமகள் அந்த ஊரிலேயே இல்லை. முற்றத்தில் பேச்சு அடங்கியது. கிழவி உதறின கையோடு அப்படியே நின்றாள்.

செரிக்காத புல் பச்சையாய்க் கலங்கி இறங்கி வந்தது. பெர்மெத் ஓடைக்குள் பாய்ந்து வாளியின் வாயை அதற்கு எதிரே பிடித்தாள். வாளி நிறைந்தது. மீதிப் பச்சை அதன் இரண்டு பக்கமும் வழிந்து, அவள் முழங்காலைச் சுற்றிக்கொண்டு கீழே போனது.