இருநூற்றுப் பதினான்கு மேற்கோள்கள்

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. மாரெட்பள்ளியில் மிளகாய் பஜ்ஜி வண்டிக்கு முன்னால் நின்றுகொண்டு நண்பர் வெஸ்லி சொன்னார், நான் எடுத்துக்கொண்டேன். அவர் மனைவி பெர்சிஸிடம் அனுமதி கேட்டதற்கு, "எழுதுங்க. ஆனா நான் அழுத மாதிரி எழுதிராதீங்க" என்றார்.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"டாக்டர் பெர்சிஸின் இதயம் அன்று கனத்து—"

(அடித்துவிட்டேன். அவருடைய துறை மூளை. மருந்துகள் மூளையில் என்ன செய்கின்றன என்று பார்ப்பதுதான் இருபத்து நான்கு வருட வேலை.)

2

பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. தன் முப்பத்தெட்டு ஆய்வுக் கட்டுரைகளையும் பிறர் எத்தனை முறை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று எழுத வேண்டும். முப்பத்தேழு கட்டுரைகளை அதிகம் பேர் சீண்டவில்லை. ஒன்றுக்கு மட்டும் இருநூற்றுப் பதினான்கு. ஒரு மூலிகைச் சாறு* எலிகளின் நினைவாற்றலை என்ன செய்கிறது என்ற கட்டுரை.

யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று ஆசையாகப் படிக்க உட்கார்ந்தார். மூன்றாவதிலேயே கண் நின்றுவிட்டது. "இச்சாறு நினைவாற்றலைப் பெருக்குவதைப் பெர்சிஸ் நிறுவியுள்ளார்."

அவர் நிறுவியது நேர் எதிர். சாறு குடித்த எலிகளும் குடிக்காத எலிகளும் ஒரே மாதிரி மறந்தன. ஒன்பது நாளில் மொத்தத்தையும் படித்து முடித்தார். நூற்று எழுபத்தொரு பேர் தலைகீழாக எழுதியிருந்தார்கள்.

"என்னைய யாருமே படிக்கலைங்க" என்றார் வெஸ்லியிடம்.

"எரநூத்திப் பதினாலு பேர் படிச்சிருக்காவன்னியே?"

"எம் பேர எழுதிருக்காவ. படிக்கல."

"ஹவ், ஆமா, இருக்கட்டுமே. நம்பர் இருக்குல்லா? நீயே போய்ச் சொல்லவா போற? நக்கோ, வேண்டாம் பெர்சி."

* பெயர் வேண்டாம். சொன்னால் நாளைக்கே புட்டியில் அடைத்து விற்பார்கள்.

3

(இந்த இடத்தில் வெஸ்லியை நீங்கள் சந்தேகிப்பீர்கள். நானும் ஒரு வரைவில் அவரைக் கொஞ்சம் கெட்டவராக்கிப் பார்த்தேன். ஒட்டவில்லை. மறுநாள் பேகம்பேட் அலுவலகத்துக்கு லீவு போட்டுவிட்டு, "சரியாக எழுதியவர்கள், தலைகீழாக எழுதியவர்கள்" என்று பட்டியலைத் தட்டச்சு செய்து கொடுத்தவரே அவர்தான்.)

பட்டியலை நேர்காணலில் கையில் கொடுப்பதாக முடிவு. நேர்காணலன்று காலைதான் தேர்வுக் குழுவின் பெயர்கள் வந்தன. தலைவர், நாராயணஸ்வாமி.

வெஸ்லி பட்டியலைப் புரட்டினார். "தலைகீழா எழுதுனவங்கள்ல எம்பத்தெட்டாவது ஆளு இவருதானே?"

"ஆமா."

"அந்த ஒரு வரிய மட்டும் எடுத்துரட்டா?"

பெர்சிஸ் புடவைக்கு ஊசி குத்திக்கொண்டே யோசித்தார். இந்தப் பதவிக்கு ஆறு வருடமாகக் காத்திருந்தவர். ஊசி விரலில் குத்தியது.

"எடுத்தா நூத்தி எழுவதுன்னு ஆயிரும். அது தப்பு" என்றார்.

4

நாராயணஸ்வாமி பக்கங்களை மெதுவாகப் புரட்டினார். ஓரிடத்தில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"எண்பத்தெட்டு நான்தான்."

"ஆமா சார்."

"இதைப் படிச்ச ஞாபகம் இருக்கே எனக்கு."

"தலைப்பப் படிச்சிருப்பீங்க, சார்."

மற்ற இரண்டு உறுப்பினர்களும் அவசரமாகப் பட்டியலைத் தங்கள் பக்கம் இழுத்துத் தங்கள் பெயர்களைத் தேடத் தொடங்கினார்கள். அதைப் பார்த்துத்தான் நாராயணஸ்வாமிக்குச் சிரிப்பு வந்தது. வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, "சரிம்மா, எலிகளுக்கு என்னதான் ஆச்சு?" என்றார்.

நாற்பது நிமிடம் எலிகளைப் பற்றியே கேட்டார்கள். வெளியே வந்த பெர்சிஸ், பதவி கிடைக்குமா என்று வாசலில் காத்திருந்த வெஸ்லி கேட்டது காதில் விழாமல், வாட்ச்மேன் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்: "கேட்டாவங்க. எலியப் பத்திக் கேட்டாவ."

5

முடிவு அ: பதவி கிடைத்தது. (எழுதினேன். வெல்லம் கூடிவிட்டது.)

முடிவு ஆ: எண்ணிக்கை போதவில்லை என்று—

கடிதம் வந்துவிட்டது. அதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும், சொல்லப் போவதில்லை. குழுவில் நான்காவதாக ஒரு நாற்காலி போட்டிருக்கிறேன். உட்காருங்கள். நாற்பத்து மூன்று பேர் மட்டுமே சரியாகப் படித்த ஒரு பெண், அதைத் தானே எண்ணிக் கொண்டுவந்து உங்கள் முன் வைத்திருக்கிறார். பேனா உங்கள் கையில்.