இருபதாவது ஆள்

அப்பாவின் கண்களை மூடிவிட்டு அவள் போர்வையை இழுத்தபோது பக்கத்து வீட்டு மெக்கானிக் சித்தப்பா உள்ளே வந்தார்.

"அண்ணன் போயிட்டாரா?"

தலையாட்டினாள். அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"பத்து மணிக்கு ஜனக் கணக்கெடுக்க வர்றாங்கம்மா. கேட்டா, தூங்குறார்னு சொல்லிடு."

"செத்தவர வெச்சுக்கிட்டா?"

"அண்ணனே இருந்தா இதத்தான் சொல்லுவாரு."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அது உண்மை. குவாரி ரயில்கள் தண்ணீர் பிடிக்க நின்ற இடம் இது. குவாரி மூடியதும் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். மேட்டுக்கும் காய்ந்த ஓடைக்கும் நடுவே ஒன்பது வீடுகள் மிஞ்சின. இரண்டு பக்கத்து நகராட்சிகளும் 'எங்களுடையது இல்லை' என்று கை கழுவிவிட்டன. இருபது பேர் இருந்தால்தான் வரைபடத்தில் பெயர் இருக்கும், பஸ் நிற்கும், தண்ணீர் பம்புக்கு மின்சாரம் வரும். அப்பாவோடு சேர்த்துச் சரியாக இருபது.

அப்பா பம்ப் ஆப்பரேட்டர். ஊர்ப் பலகைக்கு வருஷம் தவறாமல் பெயின்ட் அடித்தவர். "வந்து இரேன்" என்று அவர் போனில் கேட்கும்போதெல்லாம் 'பார்க்கலாம்பா' என்றே பன்னிரண்டு வருஷம் ஓட்டிவிட்டாள்.

கணக்கெடுப்பவர் புழுதியோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"பத்தொம்பது ஆச்சு. இதுதான் கடைசி வீடு. இன்னைக்கு ராத்திரி இங்க தங்குறவங்க எத்தனை பேரு?"

போர்வைமேல் ஓர் ஈ உட்கார்ந்தது. சித்தப்பாவுக்கு வேர்த்துக் கொட்டியது. அவளுடைய கைப்பையில், திரும்பிப் போக வரும்போதே எடுத்த மாலை ஐந்து மணி பஸ் டிக்கெட் இருந்தது.

"ஒருத்தர்."

"ஆம்பளையா, பொம்பளையா?"

"பெரியவரு சார், அசந்து தூங்..." என்று சித்தப்பா ஆரம்பித்தார்.

"பொம்பள," என்றாள். "வயசு நாப்பத்தொண்ணு."

அவர் பேனாவை நிறுத்திக் கட்டிலைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இனிமே இங்கயேதான் இருப்பீங்களா?"

"இருப்பேன்."

எழுதிக்கொண்டார். கிளம்பும்போது கட்டிலருகே தலை குனிந்து நின்றுவிட்டுப் போனார்.

சித்தப்பா வாசற்படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். வெளியே குழாயடியில் காலிக் குடங்கள் மோதிக்கொள்ளும் சத்தம் கேட்டது. காலையிலிருந்து யாரும் பம்ப் போடவில்லை.

கட்டிலுக்கு மேலே ஆணியில் தொங்கிய பம்ப் ரூம் சாவியை எடுத்துக்கொண்டு அவள் வெளியே வந்தாள்.

"சித்தப்பா, வால்வ எந்தப் பக்கம் திருப்பணும்?"