மஞ்சள் போன புட்டி

மார்ச் 9, திங்கள்.

புட்டிகளின் பெயரை அவற்றின் மேலேயே எழுதாமல் மூடியில் எழுதிவிட்டேன். சின்னத் தவறுதான் என்று நேற்றுவரை நினைத்திருந்தேன்.

வரிசையாக எழுதுகிறேன். அக்கா வீட்டில் தங்கி, மாமாவின் முலாம் பட்டறையில் வேலை செய்கிறேன். மாலையில் நுண்ணுயிரியல் வகுப்பு. பட்டறையில் தண்ணீர்க் குழாய்களுக்குக் குரோமியம் பூசிக் கழுவும் நீர் மஞ்சளாக, விஷமாக வெளியேறுகிறது. பதினெட்டாம் தேதி மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி வருவார். அதைச் சுத்தம் செய்ய வழி காட்டாவிட்டால் பட்டறைக்குப் பூட்டு.

கழிவுக் குழிச் சேற்றில், பதினொரு வருடமாக அந்த விஷத்திலேயே கிடந்து பழகிய பாக்டீரியாக்கள் இருக்கலாம். அவை குரோமியத்தைத் தீங்கு குறைந்த பொருளாக மாற்றி அடியில் படியவைக்கலாம். இதைச் சோதிக்க இரண்டு புட்டிகளில் மஞ்சள் நீரும் சர்க்கரைக் கரைசலும் ஊற்றினேன். ஒன்றில் உயிருள்ள சேறு, மற்றதில் கொதிக்கவைத்த சேறு. வீட்டு அலமாரியில் வைத்து ஆறு நாள் காத்திருந்தேன்.

இன்று காலை ஒரு புட்டியில் மஞ்சளே இல்லை. மாமாவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

“உன் பிள்ளைங்க கெட்டிக்காரங்கதான்” என்றார்.

நான் மூடியைப் பார்த்தேன். ‘கொதித்தது’ என்றிருந்தது.

அக்கா கதவருகில் நின்றாள். “மூடி ரெண்டும் நாறுச்சு. நேத்து கழட்டி கழுவி வெச்சேன்.”

“எது எதோடதுன்னு பாத்து மூடுனியாக்கா?”

“மூடின்னா மூடிதானே. ரெண்டும் நல்லாத்தான் பொருந்துச்சு.”

“இந்த வீட்ல அவ கண்ணுக்குத் தப்பிச்ச அழுக்கே கிடையாது” என்றார் மாமா. சிரிக்க முயன்றார். “மூடி மாறிப்போச்சுன்னு எழுதிடு. அதானே நடந்திருக்கும்?”

“அநேகமா. ஆனா எனக்குத் தெரியாது மாமா. மூடி மாறலைன்னா, மஞ்சளை எடுத்தது செத்த சேறு. அது பஞ்சு மாதிரி உறிஞ்சினதுதான்; பட்டறைத் தண்ணி முழுக்க விட்டா அதோட சக்தி சீக்கிரம் தீந்துடும். அப்புறம் பழையபடி மஞ்சள்தான் போகும்.”

அவர் விரல் விட்டு எண்ணினார். “நாளைக்குப் போட்டா பதினாறாம் தேதி தெரியும். ரெண்டு நாள் மிச்சம்.” வாசல் வழியே தெருவைப் பார்த்தார். “அந்தத் தண்ணி நம்ம தெரு வழியாத்தான் போகுது. சரியா தெரியாம நான் திறந்துவிட மாட்டேன். திரும்பப் போடும்மா.”

அழுதுவிடுவேனோ என்று பயந்து சர்க்கரையின் அளவைச் சரிபார்க்கப் போனேன்.

மதியம் அக்கா ஆறு கண்ணாடி ஜாடிகளை மேசையில் வைத்தாள். சமையலறையில் பருப்பும் மிளகும் காகிதப் பொட்டலங்களில் கிடந்தன.

“வகைக்கு மூணா போடு. ஒண்ணு என்னால கெட்டாலும் ரெண்டு இருக்கும்” என்றாள். “அந்த அலமாரி பக்கமே நான் வரமாட்டேன். தூசு ஏறினா ஏறட்டும்.”

மூன்று மூன்றாகப் போடும்படி வகுப்பிலும் சொன்னார்கள். சோம்பலில் ஒன்றோடு நிறுத்தியது நான்தான்.

நாளைக் காலை ஏழு மணிக்குக் கையுறை போட்டுக்கொண்டு குழியிலிருந்து சேறு எடுக்க வேண்டும். பாதியை அரை மணி நேரம் கொதிக்கவைத்து ஆறவிட வேண்டும்.