குறட்டைக்கு ஒரு மெமரி கார்டு

என் வீட்டுக்காரர் குறட்டை விடமாட்டார். இதை நான் சொல்லவில்லை, அவர் சொல்கிறார். கீழ்வீட்டில் இருக்கும் என் நாத்தனார், "ராத்திரி முழுக்க மாடியில என்னடா மெஷின் ஓட்டறே?" என்று தம்பியைக் கேட்டுப் பார்த்துவிட்டார். "அக்கா, அது உன் வீட்டு ஃபிரிட்ஜ்" என்று இவர் பதில் சொல்லி அனுப்பிவிட்டார்.

வெறும் குறட்டையாக இருந்தால் நான் கவலைப்படமாட்டேன். காதுக் கருவி பழுது பார்ப்பது என் தொழில். காதை அடைப்பதற்கு எனக்கா வழி தெரியாது? என் பயமே வேறு. குறட்டை நடுவில் சட்டென்று நின்றுவிடும். கூடவே மூச்சும் நின்றுவிடும். கொஞ்ச நேரம் கழித்து, தண்ணீருக்குள் இருந்து தலையைத் தூக்கியவர் மாதிரி ஒரு பெரிய மூச்சு வாங்குவார். அதுவரைக்கும் என் உயிர் என்னிடம் இருக்காது.

"மூச்சு நிக்குதுங்க" என்றால், "நின்னிருந்தா இப்ப உன் எதிர்ல உக்காந்து காபி குடிக்கறது யாராம்?" என்று சிரிப்பார்.

போனில் பதிவு செய்து காட்டினேன். யாரோ முன்பின் தெரியாத ஆளுடைய குறட்டையை எங்கிருந்தோ இறக்கிக்கொண்டு வந்துவிட்டேனாம். அவர் மருந்துக் கிடங்கில் பொறுப்பாளர். தேதியும் நேரமும் இல்லாத எதையும் நம்பமாட்டார். நானே ஒரு பதிவுப் பெட்டி செய்கிறேன் என்றேன். "தேதி, நேரத்தோட காட்டு. கார்டை நானே போட்டு, பெட்டியை நானே மூடுவேன். அப்புறம் நீ சொல்ற டாக்டர்கிட்ட வரேன்" என்றார்.

தூக்கத்துக்கான டாக்டர் திங்கட்கிழமை பத்து மணிக்கு நேரம் கொடுத்திருந்தார். அதை விட்டால் இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். இரண்டு மாத ராத்திரிகளை என்னால் தாங்க முடியாது. அதனால் பெட்டியை உடனே செய்துவிட்டேன்: புரோகிராம் ஏற்றி ஓட்டும் ஒரு மைக்ரோகன்ட்ரோலர் போர்டு, சின்ன மைக், நேரம் காட்டும் சிப், நகத்தளவு மெமரி கார்டு. சத்தம் கேட்டால் அதைத் தேதி, நேரத்தோடு கார்டில் பதிவு செய்துவிடும்.

சனிக்கிழமை அவரே கார்டைப் போட்டு, பெட்டியை மூடி, மேலே லேபிள் ஒட்டிக் கையெழுத்தும் போட்டார். ஞாயிறு காலையில் திறந்து கணினியில் இணைத்தால், திரையில் ஒரே ஒரு வரி: கார்டு கிடைக்கவில்லை.

ராத்திரி முழுக்க ஒரு சத்தமும் பதிவாகவில்லை. தப்பு நடந்தால் எரிவதற்கென்று சிவப்பு விளக்கு ஒன்று வைத்திருந்தேன். கண்ணைக் குத்துகிறது என்று அவர் முணுமுணுத்ததால் அதன்மேல் கறுப்பு டேப் ஒட்டியதும் நான்தான். அந்தப் பழியை யார் தலையிலும் கட்ட முடியாது.

"பாத்தியா? பதிவாகற மாதிரி ஒண்ணும் இல்ல" என்றார் அவர், ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே.

"பேசாம சாப்பிடுங்க."

சாப்பாட்டு மேசையில் பாதியைப் பிடித்துக்கொண்டேன். கார்டை எடுத்துத் திரும்பப் போட்டேன். அதே வரி. ஒயர் ஒவ்வொன்றையும் மீட்டரில் தொட்டுப் பார்த்தேன், எதுவும் விட்டுப்போகவில்லை. கார்டுக்கு மூன்றே கால் வோல்ட்டுக்குச் சற்று மேலே போக வேண்டும், சரியாகப் போகிறது. புரோகிராமை மறுபடி ஏற்றினேன். அதே வரி. என் போனில் இருந்த நல்ல கார்டை உருவிப் போட்டேன். அதற்கும் அதே வரிதான். அப்படியானால் கார்டில் குற்றமில்லை, அது உட்காரும் சாக்கெட்தான் போய்விட்டது என்று முடிவு கட்டினேன். எதற்கும் இருக்கட்டும் என்று முதல் கார்டைப் போனில் போட்டால், போனும் அதைக் கண்டுகொள்ளவில்லை.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஒரே ராத்திரியில் கார்டும் போய், சாக்கெட்டும் போகுமா? இரண்டும் பேசி வைத்துக்கொண்டா செத்தன? இரண்டையும் கெடுத்தது ஒரே ஆளாகத்தான் இருக்க வேண்டும்.

கடையில் பயன்படுத்தும் பூதக்கண்ணாடியை எடுத்து வந்து கார்டைத் திருப்பிப் பார்த்தேன். தங்க நிறப் பட்டைகள்மேல் கண்ணாடி மாதிரி ஏதோ மெல்லிசாகப் படிந்திருந்தது. நகத்தால் தொட்டேன். ஒட்டியது.

"என்னங்க, இங்க வாங்க. கார்டை என்ன பண்ணினீங்க?"

"ஒண்ணும் பண்ணலையே. லேபிள் ஒட்டினேன்."

"பெட்டி மேலதானே?"

"முதல்ல கார்டு மேலதான். சரக்கு உள்ள போறதுக்கு முன்னாடி லேபிள் ஒட்டணும் இல்ல? லேபிளோட உள்ள போகல. பிச்சு எடுத்து பெட்டி மேல ஒட்டிட்டேன்."

"அதுக்குப் பட்டை இருக்கற பக்கம்தான் கெடைச்சுதா?"

"அந்தப் பக்கம் பூரா கம்பெனிக்காரன் எழுதி வெச்சிருக்கான். இந்தப் பக்கம்தான் காலியா இருந்துது."

அவருடைய கிடங்கு லேபிள் மழையில் நனைந்தாலும் விடாது. அதன் பசை கார்டில் பாதி, கார்டு போய் உரசிய சாக்கெட்டின் ஊசிகளில் பாதி. சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தேன். அவரும் சேர்ந்து சிரித்தார், அதுதான் இன்னும் எரிச்சல். காதுக் கருவி துடைக்கும் ஸ்பிரிட்டைப் பஞ்சுக் குச்சியில் நனைத்து அரை மணி நேரம் துடைத்தேன். பட்டைகளும் ஊசிகளும் பளிச்சென்று ஆனபின் கார்டைப் போட்டேன். கார்டு தயார் என்றது திரை. அன்று ராத்திரி கார்டை அவர்தான் போட்டார், நான் பக்கத்தில் நின்று அவருடைய இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திங்கள் காலை ஆறரைக்குப் பெட்டியைத் திறந்தோம். முதல் பதிவு, பதினொன்று நாற்பது. குறட்டை மேசையை அதிர வைத்தது. "நானா?" என்றார், கொஞ்சம் பெருமையாகவே. இரண்டு பதினேழில் குறட்டை நடுவில் அறுந்தது. அவர் சிரிப்பும் மெல்ல அடங்கியது. அந்த அமைதிக்குள் ஒரு குரல், ரகசியம் பேசுகிற மாதிரி: "ஒண்ணு... ரெண்டு... மூணு..."

"யாரு இது?"

அது என் குரல். மனசுக்குள் எண்ணுவதாகத்தான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். வாய்விட்டு எண்ணுகிறேன் என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. இருபத்தெட்டு எண்ணியதும் அவர் பெரிதாக மூச்சு வாங்கினார். "அப்பாடா, இருக்கார்" என்றது குரல்.

அவர் மூன்று ஐந்துக்கான பதிவைப் போட்டுக் கேட்டார். நான் எண்ணிக்கொண்டிருந்தேன். நான்கு இருபதிலும் எண்ணிக்கொண்டிருந்தேன், முப்பத்திரண்டு வரைக்கும்.

"எத்தனை நாளா இப்படி?"

"எட்டு மாசமா."

"நீ தூங்கவே இல்லையா?"

டாக்டரிடம் காட்டுவதற்குக் கார்டை எடுத்து வைத்துக்கொண்டேன். அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். ஏழு மணிக்குக் குளித்து, சட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

"கெளம்பு."

"பத்து மணிக்குத்தாங்க."

"இப்பவே போய் உக்காந்துக்கலாம். நீ என் தோள்ல சாஞ்சு தூங்கு" என்றார். "நான் முழிச்சிருக்கேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. சட்டைப் பொத்தான்களை ஒரு துளை தள்ளி மாற்றிப் போட்டிருந்தார். அவற்றைச் சரிசெய்துவிட்டு, நான் செருப்பை மாட்டிக்கொண்டேன்.