கஸ்பார் பஸ்

கடலுக்குள் போகிற காலை பஸ் புறப்பட்டுவிட்டது. தூக்குச்சட்டியோடு ரீத்தம்மாள் அதன் பின்னால் கடற்கரைச் சாலையில் ஓடிக்கொண்டிருந்தாள்.

"ஏலே அய்யாக்குட்டி, நிறுத்துலே!"

கண்டக்டர் அய்யாக்குட்டி படியில் தொங்கியபடி விசில் ஊதினான். "ஓடியாங்க யக்கா! மெட்ராஸ் ஆபீசர் ரப்பரோட வாராரு. இன்னையோட நம்ம ரோட்ட அழிச்சிருவாராம்!"

பஸ் நின்றது. ஆனால் வழியை மறித்தாற்போல் ஒரு குதிரை வண்டியும் வந்து நின்றது. கக்கத்தில் சுருட்டிய வரைபடத்தோடு மெட்ராஸ் ஆபீசர் ரங்கசாயி இறங்கினார்.

அந்த ரோட்டைப் போட்டவரே அவர்தான். உலகச் சண்டை முடிந்த மறு வருஷம், நாற்பத்தாறில், இந்தக் கரைக்கு இருபத்தைந்து வருஷத் திட்டம் ஒன்று தயாரிக்கச் சர்க்கார் அவரை அனுப்பியது. எங்கே உப்பளம், எங்கே பனங்காடு, எங்கே குடியிருப்பு, எந்த ஊருக்கு எந்த ரோடு என்று மாட்டுவண்டியில் அலைந்து விசாரித்துக் குறித்துக்கொண்டு போனார். ரோடு இல்லாத ஊர்களில் ஒன்றாகக் கஸ்பாரும் வரைபடத்தில் ஏறிவிட்டது. தூத்துக்குடிக்குக் கிழக்கே, நட்டநடுக் கடலில். இங்கே கடலடியில் முத்துச்சிப்பி படரும் திட்டுகளை 'பார்' என்பார்கள், ஒவ்வொரு பாருக்கும் ஊர்போல ஒரு பெயர் உண்டு, அப்படி ஒரு பாரைத்தான் ரங்கசாயி ஊர் என்று நினைத்துவிட்டார் என்பது பின்னால் மெட்ராஸ் ஆபீஸ் கண்டுபிடித்த விளக்கம். அதற்குள் திட்டத்துக்கு முத்திரை விழுந்துவிட்டது. முத்திரை விழுந்த மறுநாள் காலை, வரைந்த அகலத்துக்குக் கடல்மேல் ரோடு கிடந்தது. பஸ் முதலாளி வீரபாகு அண்ணாச்சிக்கு, கஸ்பார்வரை வண்டி விட வேண்டும் என்று உத்தரவும் வந்தது. டிக்கெட் திருச்செந்தூருக்கு என்னவோ அதேதான்.

முதல் வாரம் ஜனங்கள் வேடிக்கை பார்த்தார்கள். அடுத்த வாரமே, பஸ் நேரத்துக்கு வருவதில்லை என்று குறை சொல்ல ஆரம்பித்தார்கள். பெட்ரோல் கிடைக்காமல் கரி கேஸில் ஓடிய வண்டி அது. அலை சக்கரத்தின் பாதிக்கு மேல் ஏறாது. திரும்பி வரும்போது மட்கார்டில் நண்டு இருக்கும். கப்பல்கள் கரைக்கு வராமல் தூரத்தில் நங்கூரமிட, தோணிகள் போய்ச் சரக்கு இறக்கிய காலம். எதிரே வரும் தோணிக்காரர்கள் பஸ்ஸுக்கு ஒதுங்கி வழிவிட்டு, அய்யாக்குட்டியிடம் பீடிக்கு நெருப்புக் கேட்பார்கள். கரிப்புகையும் உப்புக்காற்றும் கலந்த அந்த வாசனை பிறகு எந்த பஸ்ஸிலும் வரவில்லை.

கடைசி ஸ்டாப்பில் இறங்குவது ரீத்தம்மாள் மட்டும்தான். சண்டைக் காலத்தில் சங்கு குளிக்கப் போன அவள் புருஷன் மூழ்கியவன் மேலே வரவில்லை. சனிக்கிழமைதோறும் சோறும் மீன் குழம்பும் கொண்டுபோவாள். சாயங்காலம் தூக்குச்சட்டி காலியாக, கழுவித் திரும்பி வரும்.

ரங்கசாயி வரைபடத்தை பஸ்ஸின் பானெட்டில் விரித்தார். ரப்பரை எடுத்தார்.

"குடியிருப்பு இல்லாத இடத்துக்கு ரோடு கூடாதுன்னு மேலிடத்து உத்தரவு. ஒரு ஆள் இருந்தாலும் அழிக்க மாட்டேன். அங்கே யாராவது இருக்காளா?"

"ஒருத்தரு இருக்காரு" என்றாள் ரீத்தம்மாள். மூச்சு இன்னும் அடங்கவில்லை.

"பேரு?"

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ரப்பர் தாளைத் தொட்டது. கிழக்கே ரோட்டின் கடைசி மைல்கல் நீரில் முங்கியது.

"சொல்லுங்கம்மா. பேரில்லாத ஆளை நான் எப்படிக் கணக்குல சேர்க்கிறது?"

"கட்டுனவன் பேர அவ எப்பிடிய்யா சொல்லுவா?" பஸ்ஸைச் சுற்றிக் கூடிவிட்ட கூட்டத்தை விலக்கிக்கொண்டு வீரபாகு அண்ணாச்சி வந்தார். உப்பு தின்ற பஸ்ஸுக்கு மாசம் ஒரு தகடு மாற்றி நொந்துபோனவர். ரோடு போனால் முதலில் நிம்மதி அவருக்குத்தான். "ஒங்க வீட்டம்மா சொல்லுவாவளா?"

ரங்கசாயி யோசித்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் சொன்னதில்லை. செத்தவன் பேரை மறைக்க யாரும் இப்படி வாயைப் பொத்துவதில்லை என்றும் அவருக்குப் பட்டது. ரப்பரைச் சட்டைப்பையில் போட்டார். மைல்கல் திரும்ப மேலே வந்தது.

"ஏறுங்க யக்கா, சோறு ஆறுது!" அய்யாக்குட்டி விசில் கொடுத்தான். பஸ் அலைக்குள் இறங்கி, புகையை மட்டும் கரையில் விட்டுவிட்டுப் போனது.

"சாயங்காலம் எத்தனை மணிக்குத் திரும்பும்?" என்று கேட்டார் ரங்கசாயி.

"விளக்கு வைக்கதுக்குள்ள வந்துரும்" என்றார் அண்ணாச்சி.

"எனக்கு ஒண்ணுதான் புரியலை. திட்டத்துக்கு விசாரிக்க வந்த அன்னைக்கு இதே இடத்துல கடலைப் பார்த்துண்டு நின்னவகிட்ட, அங்கே என்னம்மா இருக்குன்னு கேட்டேன். இப்போ பஸ்ல போன அந்தம்மாதான் ஊர் பேரைச் சொன்னா. கஸ்பார்ங்கிறது எந்தப் பார்?"

அண்ணாச்சி கடலைப் பார்த்தபடியே சொன்னார்.

"அப்படி ஒரு பாரே கிடையாதுய்யா. கஸ்பாருங்கது அவ புருஷன் பேரு. வாழ்நாள்ல ஒரே ஒரு தடவதான் வாய்விட்டுச் சொன்னா, ஒங்ககிட்ட."