பழைய பூட்டுகளின் பட்டியல்

சுவிட்ச் யார்டில் பரப்பியிருந்த சரளைக்கல்லுக்கு நடுவே முளைத்த புல்லை ஜாஸ்பின் குந்தியிருந்து பிடுங்கிக்கொண்டிருந்தாள். ஆனி மாதக் காற்று ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வந்து சேலைத் தலைப்பை இழுத்துக்கொண்டே இருந்தது. காற்றாலைக் கம்பெனியின் அந்தத் துணைமின் நிலையத்தில் துப்புரவு வேலைக்குச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறது. புருஷன் வினோஜ் செத்ததற்குக் கம்பெனி இரங்கிக் கொடுத்த வேலை என்று ஊர் சொல்லும். இரக்கமாவது மண்ணாங்கட்டியாவது! கொன்றவன் முகத்தை மறக்காமல் இருக்கத்தான் அவள் வந்தாள்.

கொன்றவன் இஞ்சினியர் தாணுமாலயன். வினோஜ் டவரில் ஏறி, கம்பியைத் தாங்கும் பீங்கானை மாற்றிக்கொண்டிருந்தான். நல்ல காற்று வீணாகிறதே என்று, ஆள் இறங்கியாயிற்றா என்றுகூடக் கேட்காமல், தாணுமாலயன் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் கரண்டை ஏற்றிவிட்டான். பிறகு, 'அனுமதியில்லாமல் ஏறிய கான்டிராக்ட் கூலி' என்று ஒரே வரியில் எழுதி முடித்தான். கான்டிராக்ட் ஆளின் பெயரில் அனுமதிச் சீட்டு எழுதும் வழக்கமே அங்கே கிடையாது.

அன்று கன்ட்ரோல் ரூமில் இருந்த அனீஷும் கான்டிராக்ட் ஆள்தான். அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் வைத்து அவளிடம் மட்டும் சொன்னான். "நான் தொடல்ல அக்கா. சாரு வீட்டுலேருந்து போட்டாரு. என் பேர மட்டும் வெளிய விட்டுராத. ரெண்டு பிள்ளையளு இருக்கு."

அவன் பெயரை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

இந்த வாரம் திருவனந்தபுரத்திலிருந்து ரேஷ்மி என்ற பெண் மடிக்கணினியோடு வந்திருந்தாள். ஊர் களியக்காவிளை. குவாண்டம் கம்ப்யூட்டருக்கு நிலையத்தைத் தயார் செய்யும் வேலை. டீ கொண்டுபோய் வைத்தபோது ஜாஸ்பின் என்னவென்று கேட்டாள்.

"அந்தக் கம்ப்யூட்டர் பெரிசா வந்தா, இப்ப உள்ள ரகசியப் பூட்டெல்லாம் பொட்டுன்னு தொறந்துரும் அக்கா. எவனோ எங்கேயோ இருந்து இங்க கரண்ட நிறுத்துவான், போடுவான். அதுக்கு முன்னால புதுப் பூட்டு போடணும். எந்தப் பூட்டு எங்க இருக்கு, சாவி ஆருகிட்ட இருக்குன்னு பட்டியல் எடுக்கதுதான் முதல் வேலை."

"எவன் எப்போ தொறந்தான்னு அந்தப் பூட்டு சொல்லுமா பிள்ளே?"

"சொல்லும். அஞ்சு வருசத்துக்கு உள்ளது அப்படியே கெடக்கும்."

ஜாஸ்பினுக்கு உடம்பெல்லாம் சூடேறியது. வினோஜ் செத்த தேதியைச் சொன்னாள். பகல் பதினொன்றே கால் என்றாள். ரேஷ்மி தேடினாள். பதினொன்று பதினாலுக்குக் கரண்ட் ஏறியிருந்தது. எங்கிருந்து என்று பழைய கருவியில் பதியவில்லை. பெயர் மட்டும் இருந்தது: தாணுமாலயன்.

"எம்மாப்பிள்ள அப்போ மேல நின்னாரு," என்றாள் ஜாஸ்பின். அழுகை வரவில்லை. தாணுமாலயன் கையில் விலங்கு மாட்டிப் பார்க்க வேண்டும், அவன் பெண்டாட்டி தெருவில் நின்று நெஞ்சில் அடித்துக்கொள்வதைப் பார்க்க வேண்டும் என்றிருந்தது.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆத்திரம் விடவில்லை. சவம், இதுவும் சேர்ந்து அவன் தலையில் விழட்டும் என்று ரேஷ்மியைக் கையைப் பிடித்துக் கன்ட்ரோல் ரூமுக்கு இழுத்துப் போனாள். சுவரில் தொங்கிய காலண்டரைத் தூக்கிக் காட்டினாள். தாணுமாலயனின் கையெழுத்தில் அவனுடைய ரகசிய எண் ஒட்டியிருந்தது. அவன் இல்லாத நேரத்தில் அவன் வேலையைக் கான்டிராக்ட் பையன்கள் பார்ப்பதற்காக அவனே ஒட்டியது.

"இவனுக்கு பூட்டு ஒரு கேடா? எழுதிக்கோ. போட்டோ எடு."

ரேஷ்மி கொஞ்சம் தயங்கினாள். பிறகு எடுத்தாள். கரண்ட் ஏறிய நேரம், சுவரில் ஒட்டிய எண் இரண்டையும் அறிக்கையில் எழுதினாள்.

வெள்ளிக்கிழமை மேலதிகாரி வந்தார். ஜாஸ்பின் வராந்தாவில் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டு காதைக் கொடுத்திருந்தாள். உள்ளே தாணுமாலயன் அறிக்கையைப் புரட்டும் சத்தம் கேட்டது. கத்துவான், கெஞ்சுவான் என்று காத்திருந்தாள். அவன் குரல் ஏறவே இல்லை.

"என் பேருல ஏறியிருக்கு, உள்ளதுதான் சார். ஆனா நம்பரு சுவத்துல கெடந்திருக்கே, போட்டோ இருக்கே. ஆரு வேணும்னாலும் என் பேருல அமுக்கியிருக்கலாம். அன்னைக்கு டியூட்டில இருந்தது ஆருன்னு பாருங்க."

மேலதிகாரி டியூட்டிப் பட்டியலைக் கேட்டார். ஜாஸ்பின் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

"அவன் இல்ல சாரே! இந்தப் பாவி வீட்டுலேருந்து போட்டதாக்கும்!"

"நீ பாத்தியாம்மா?"

"அனீசு..." என்று தொடங்கியவள், அவன் பெயரை வெளியே விடக் கூடாதென்று நினைவு வந்து நிறுத்திக்கொண்டாள். ரேஷ்மி தரையைப் பார்த்தாள்.

திங்கட்கிழமை புதுச் சாவி கொடுக்கும் நாள். கைரேகை வைத்தால் திறக்கும் சின்னக் கருவி ஒன்று மேசைமேல் இருந்தது. புது மெஷின் எது வந்தாலும் சந்தனமும் குங்குமமும் வைத்துத் தேங்காய் உடைப்பது அங்கே வழக்கம். தாணுமாலயன் கருவியின் கண்ணாடியிலேயே தாராளமாகப் பூசினான். மேலதிகாரிக்கு முன்னால் விரலை வைத்தான். சிவப்பு எரிந்தது. மறுபடி வைத்தான். மறுபடியும் சிவப்பு.

ஜன்னலுக்கு வெளியே, வாசலில் அனீஷ் ஹெல்மெட்டையும் பாஸையும் காவலாளியிடம் ஒப்படைத்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் போலீஸ் ஜீப் நின்றது. ஏறுவதற்கு முன் கன்ட்ரோல் ரூம் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தான்.

"சந்தனம் ஒட்டிட்டு சார், அதான்," என்று சிரித்தான் தாணுமாலயன். "ஏட்டி ஜாஸ்பினு, துணி கொண்டாந்து இதத் தொடச்சு விடு."

அந்தக் கருவியைத் தூக்கி அவன் மூஞ்சியில் அடிக்கக் கை துறுதுறுத்தது. வீட்டில் வினோஜின் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். ஜாஸ்பின் துணியை நனைத்துக் கண்ணாடியைத் துடைத்தாள்.

"மூலையில இன்னும் இருக்கு."

மூலையையும் துடைத்தாள். அவன் விரலை வைத்தான். பச்சை எரிந்தது. எல்லோரும் கை தட்டினார்கள்.